ஒத்து ஊதுகிறவர்

உங்கள் ஆபீஸில் ஒத்து ஊதுகிறவர் யார் என்று கேட்டால், இரண்டே செகண்டில் பெயர் சொல்லிவிடுவீர்கள். மானேஜர் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றால், "ஆமா ஸார், மண்டையைப் பொளக்குது" என்பார். ஐந்து நிமிஷம் கழித்து அதே மானேஜர் "அப்படியொண்ணும் வெயில் இல்லையே" என்றால், "அதானே ஸார், ஜில்லுனுல்ல இருக்கு!" இன்க்ரிமென்ட் லிஸ்ட்டில் அவர் பெயர் உங்கள் பெயருக்கு மேலே இருக்கும். நீங்கள் கேன்டீனில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பீர்கள்.

கடியுங்கள். ஆனால், அந்த ஆசாமியைத் திட்ட நாம் எடுத்துக்கொண்ட வார்த்தை, ஒரு நிஜமான தொழில்காரரின் நிஜமான தொழில்.

நாதஸ்வர கோஷ்டியை நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? (பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் எங்கே பார்ப்பது!) முன்னால் நாதஸ்வரம், தவில், பக்கத்தில் தாளம். முன்பெல்லாம் இவர்களுக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். கையில் நாதஸ்வரம் மாதிரியே, கொஞ்சம் நீளமான ஒரு குழல். அதற்குப் பெயர்தான் ஒத்து. விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கத்தில் இருக்கும் சின்னத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்த்துக்கொள்வார். அப்புறம் ஒரே ஒரு சுரம். ஷட்ஜம். கச்சேரி ஆரம்பிப்பதிலிருந்து மங்களம் வரை அதேதான்.

ஈஸியான வேலை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சத்தம் அறுபடக் கூடாது. அதனால் கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதை வெளியே தள்ளுகிற நேரத்தில் மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை வீட்டில் முயற்சி செய்து பாருங்கள், ஸ்ட்ரா போட்டு ஒரு டம்ளர் தண்ணீரில். பத்தாவது செகண்டில் இருமல் வரும், சட்டை நனையும்.

முன்னால் இருக்கிற வித்வான் தோடியில் எங்கெங்கோ சுற்றிவிட்டு வருகிறார் என்றால், திரும்பி வர ஒரு வீடு இருக்கிற தைரியம்தான். அந்த வீட்டு வாசலில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறவர் ஒத்துக்காரர். அவரைப் போய் நாம் வசவு ஆக்கிவிட்டோம். அவரை மட்டுமா? ஜால்ராவும் ஒரு வாத்தியம்தானே! சங்கீதத்தில் பின்னால் உட்காருகிற எல்லோரும் நமக்குத் திட்டுகிற வார்த்தைதான்.

இப்படிப் பின்னால் உட்கார்ந்தவர் ஒரு நாள் எழுந்து, "இன்னிக்குக் கச்சேரி என் பேர்ல, என் பாட்டு, நீங்கல்லாம் எனக்கு வாசிங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

திண்டுக்கல் ஜில்லாவில் நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் நடந்திருக்கிறது. நடத்தியவர் பெயர் ஹரீஷ் ராகவன்.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது, சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் என் நண்பன். ராத்திரி பதினொரு மணிக்கு லிங்க் அனுப்பினான். கூடவே ஒரு வரி: 'ஜாஸ் பாட்டுல நம்ம ஊரு தலைப்பு, பார்றா.' பூட்டு, பிரியாணி, சிறுமலை வாழைப்பழம் இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் பெயர் வாங்காத ஊர்க்காரனுக்கு ஜாஸ் எதற்கு என்று தூங்கப் போயிருப்பேன். தலைப்பைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

'ஐ வில் கோ அண்ட் கம் பேக்.'

கொஞ்சம் யோசியுங்கள். ஒரு இங்கிலீஷ்காரன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இப்படிச் சொல்வானா? 'பை' என்பான், 'ஸீ யூ' என்பான். 'நான் போய், பிறகு திரும்பி வருவேன்' என்று சத்தியப்பிரமாணம் மாதிரி சொல்ல மாட்டான். அதைச் சொல்வது நாம். போயிட்டு வர்றேன். வெறுமனே 'போறேன்' என்று சொல்லிப் பாருங்கள், அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வருவாள். "என்னடா பேச்சு இது, போயிட்டு வர்றேன்னு சொல்லு!" ஒரு வாக்கியத்துக்குள்ளேயே ரிட்டர்ன் டிக்கெட்டும் எடுத்துவிட்டுக் கிளம்புகிற ஜாதி நாம். எனக்கு அந்த இங்கிலீஷ் தலைப்பு தமிழாகத்தான் காதில் விழுந்தது.

அது இடம் பெற்றிருக்கிற ஆல்பத்தின் பெயர் 'கால்ஸ் ஃபார் ஆக்‌ஷன்'. 2019-ல் 'வேர்ல்விண்ட்' என்ற கம்பெனி வெளியிட்டது. ராகவன் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் வளர்ந்தவர். சின்ன வயசில் மேற்கத்தியத் தாள வாத்தியம், இந்தியத் தாள வாத்தியம் இரண்டும் கற்றவர். 17 வயசில்தான் பாஸைக் கையில் எடுத்தார்.

பாஸ் என்றால் இங்கே எலெக்ட்ரிக் கிடார் இல்லை. டபுள் பாஸ் என்று ஒரு ராட்சசன். வயலினின் தாத்தா மாதிரி. ஆறு அடி உயரம். நின்றுகொண்டு, தோளில் சாய்த்துக் கட்டிப்பிடித்துத்தான் வாசிக்க முடியும். நாலு கம்பி. ஜாஸில் பெரும்பாலும் வில்லை மூலையில் வைத்துவிட்டு விரலால்தான் மீட்டுவார்கள். வெளியூர்க் கச்சேரிக்கு இதைத் தூக்கிக்கொண்டு பிளேனில் ஏறுவது பெரிய தலைவலி என்பதால், போகிற ஊரில் கிடைப்பதை இரவல் வாங்கி வாசிக்கிறவர்களும் உண்டு. அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிற மாதிரிதான்.

நம் தெருமுனை ஈ.பி. டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடுமே, அது சுமார் 100 ஹெர்ட்ஸ். டபுள் பாஸின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரையும் விட ஒரு ஸ்தாயிக்கும் மேல் கீழே இறங்கிப் போகிறது. செல்போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஆழம் போக வராது. அதனால், இந்த ஆல்பத்தை செல்போனைத் தலையணை மேல் வைத்துக் கேட்டால், லீடரே கச்சேரிக்கு வராத மாதிரி இருக்கும்! முதல் நாள் எனக்கு அதுதான் நடந்தது. சாக்ஸபோன் கேட்டது, பியானோ கேட்டது, தலைவரைக் காணோம். மறுநாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். இருந்தார். முழுக்க இருந்தார்.

பாஸ்காரர் லீடர் என்றதும் ஒரு மணி நேரம் 'தொம் தொம்' என்று தனி ஆவர்த்தனம் போட்டு நம்மை அறுக்கப்போகிறார் என்று பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். அப்படி இல்லை. அவர் செய்தது வேறு. தன்னைவிட வயசில் சின்னவர்களாகப் பார்த்துப் பிடித்துப் போட்டிருக்கிறார். சாக்ஸபோன் இம்மானுவேல் வில்கின்ஸ். வைப்ரஃபோன் ஜோயல் ராஸ். (உலோகப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, குச்சியால் தட்டுவது. ஜலதரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம்.) பியானோ மைக்கா தாமஸ், டிரம்ஸ் க்வேகு சம்ப்ரி. பாட்டை எழுதித் தந்துவிட்டு, இந்தப் பையன்களை முன்னால் ஓடவிட்டு, பெரியவர் பின்னால் நின்றுகொள்கிறார்.

ஓடினார்களா? ஓடினார்கள். ஜோயல் ராஸின் சொந்த ஆல்பம் அதே 2019-ல், வில்கின்ஸினுடையது 2020-ல், இரண்டுமே 'ப்ளூ நோட்' கம்பெனியில் வந்தன. ஜாஸில் 'ப்ளூ நோட்' என்றால் நம்மூரில் ஏவி.எம். பானர் மாதிரி.

இதைக் கேட்டபோது நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த ஒரு கம்பெனி ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம். அங்கே ஜூனியர்கள் ராத்திரி உட்கார்ந்து டேலி பண்ணிய பாலன்ஸ் ஷீட்டில், காலையில் மேலதிகாரி தன் பெயரைப் போட்டுக்கொண்டு மேலே அனுப்புவார். லீடர்ஷிப் என்று கோட்டு போட்டவர்கள் நடத்துகிற மூன்று நாள் டிரெய்னிங்கெல்லாம் போய்விட்டு வந்த மனுஷன்!

ராகவனும் அதற்கு முன் பல வருஷம் மற்றவர்களுக்குப் பின்னால் நின்றவர்தான். ஆம்ப்ரோஸ் அகின்முசிரே என்று ஒரு டிரம்பெட் கலைஞர். அவருடைய கோஷ்டியில் வாசித்தார். அந்த கோஷ்டியின் 2011 ஆல்பத்தில் பாஸ் ராகவன். தன் பெயரில் முதல் ஆல்பம் வர இன்னும் எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. நம் ஆட்கள் இரண்டு வருஷத்தில் புரமோஷன் வரவில்லை என்றால் ரெஸ்யூமே அனுப்ப ஆரம்பித்துவிடுகிறோம்.

சரி, பின்னால் நிற்கிறவருக்கு அப்படி என்ன பவர்? சங்கீதம் தெரியாதவர்களுக்கும் (அதாவது எனக்கும்) புரிகிற மாதிரி ஒரு நண்பர் கீபோர்டில் காட்டினார். மேலே இரண்டு சுரம்: ஸ, க. இதை மாற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டார். கீழே இடது கையால் இன்னொரு ஸ சேர்த்தார். வெயில் அடிக்கிற மாதிரி பளிச்சென்று இருந்தது. இப்போது அந்தக் கீழ் ஸ-வை மட்டும் எடுத்துவிட்டு, கீழ் தைவதத்தை வைத்தார். மேலே இருக்கிற இரண்டும் அதேதான், தொடவே இல்லை. ஆனால் சட்டென்று மேகம் மூடிவிட்டது. யாரோ ஊருக்குப் போய்விட்ட மாதிரி ஒரு சோகம்.

பி.காம். படித்தவனுக்கு இது உடனே விளங்கும். வவுச்சரில் அதே பத்தாயிரம்தான். கீழே எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து, அது சொத்தாகவும் ஆகும், செலவாகவும் ஆகும். தொகை எழுதுகிறவனுக்குக் கைதட்டல். தலைப்பு எழுதுகிறவன் கையில் கணக்கு. மேலே சாக்ஸபோன் அழுதாலும் சிரித்தாலும், அது அழுகையா சிரிப்பா என்று தீர்மானிப்பது பல சமயம் கீழே இருக்கிற பாஸ்.

இங்கேதான் ஒத்துக்கும் பாஸுக்கும் வித்தியாசம். ஒத்து நகராது. பாஸ் நடக்கும். ஜாஸில் 'வாக்கிங் பாஸ்' என்றே ஒரு முறை இருக்கிறது. தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம், நிற்காமல், ஆபீஸுக்கு லேட்டாகாத மனுஷன் மாதிரி நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். ஜாஸ் பாட்டின் கட்டுமானமும் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. முதலில் எல்லோரும் சேர்ந்து பல்லவி மாதிரி ஒன்றை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கல்பனாஸ்வரம் மாதிரி தோன்றியதை வாசிப்பார்கள். கடைசியில் மறுபடியும் எல்லோரும் பல்லவி. மொத்த சமாச்சாரமும் போயிட்டு வர்றேன்தான்! போகிறவன் திரும்பி வருகிற வழியைப் போட்டுக்கொண்டே வருவது பாஸ்.

இதெல்லாம் நமக்குப் புதுசு என்று நினைத்தால், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு போகிற ஏதாவது ஒரு பிரைவேட் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கடைசி சீட்டில் உட்காருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் வூஃபரில் ராஜா ஸார் பாட்டு ஓடும். காதுக்கு முன்னால் முதுகெலும்புக்குக் கேட்கும். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் எஸ்.பி.பி. பாடிய அந்த நிலாப் பாட்டை அந்த சீட்டில் கேளுங்கள். கிடாரைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். கொஞ்சம் கீழே காதைக் கொண்டு போங்கள். அங்கே ஒரு பாஸ் கிடார் தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும். இளையராஜா அந்தக் கீழ் வரியை, வாய்ப்பாட்டுக்கு இணையான இன்னொரு மெட்டாகவே எழுதினார். பண்ணைப்புரத்துக்காரர், எங்கள் பக்கத்து ஜில்லா. அவருக்குப் பல வருஷம் பாஸ் கிடார் வாசித்தவர் சசிதரன். நாற்பது வருஷமாக நம் முதுகெலும்பில் வாசித்துக்கொண்டிருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரியும்?

ஜாஸ்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. 1959-ல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வந்தது. ஜாஸ் கேட்காதவர்கள் வீட்டிலும் இருக்கிற ஜாஸ் ஆல்பம் அது. அதன் முதல் பாட்டில் மெட்டை எடுத்துச் சொல்வதே பாஸ்தான். மற்றவர்கள் 'ஆமா... ஆமா' என்று இரண்டு சுரத்தில் பதில் சொல்வார்கள். அதாவது, அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து பாஸுக்கு ஒத்து ஊதினார்கள்! வாசித்தவர் பால் சேம்பர்ஸ். ரிக்கார்டிங் நடந்தபோது வயசு 23. பத்து வருஷத்தில், 33 வயசில் செத்துப் போனார்.

அதே 1959-ல் சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்' வந்தது. மிங்கஸும் பாஸ்காரர், ஆனால் பின்னால் நிற்கிற ரகம் இல்லை. மேடையில் பாட்டை நடுவில் நிறுத்தி, தன் கோஷ்டிக்காரனைத் திட்டுவார். சத்தம் போட்டுப் பேசுகிற ரசிகர்களுக்கும் கிடைக்கும். அவர் பாட்டைக் கேட்டால் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால், மானேஜராக வரச் சொன்னால் நான் லீவு போட்டுவிடுவேன். ராகவன் வேறு ஜாதி. எனக்கு இவர்தான் சௌகரியம்.

இனி எங்கள் தெரு ஒத்துக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெருவில் அவரை 'சுருதி தாத்தா' என்போம். பன்னிரண்டு வயசில் ஒரு நாதஸ்வர செட்டோடு சேர்ந்தவர். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, நத்தம் என்று திருவிழா எங்கே உண்டோ அங்கே போவார். எங்கள் ஊர் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் பல வருஷம் ஊதியிருக்கிறார். பிறகு சுருதிப் பெட்டி வந்தது. முதலில் துருத்தி வைத்து அமுக்குகிறது. அப்புறம் டிபன் பாக்ஸ் சைஸில் எலெக்ட்ரானிக். ஸ்விட்சைப் போட்டால் ஷட்ஜம். மூச்சு வாங்காது, பேட்டா கேட்காது, ராத்திரி சாப்பாடு வேண்டாம். செட்டுக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு ஆள் கூலி மிச்சம். நான் அவர்கள் கணக்கை எழுதியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தாத்தா பூட்டுப் பட்டறையில் அரம் ராவுகிற வேலைக்குப் போனார். அங்கேயும் காதுதான். சாவியைப் போட்டுத் திருப்பினால், உள்ளே நெம்புகள் விழுகிற சத்தத்தை வைத்தே சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவில் ஸ்வீட் கொடுத்தார்கள். தாத்தா ஒரு லட்டு எடுத்துக்கொண்டு, "பூட்டுக்குக் கெடைச்சிருச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2012-ல் என் தங்கை கல்யாணம். சென்னையைத் தவிர தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் எப்போது வரும் போகும் என்று தெரியாமல் தவித்த வருஷம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் புஸ்ஸென்று போய்விட்டது. மண்டபத்து ஜெனரேட்டர் ஆசாமி டீ குடிக்கப் போயிருந்தார். ஃபேன் நின்றது. மாமாக்கள் விசிறியைத் தேடினார்கள். போட்டோகிராபர் சத்தம் போட்டார். நாதஸ்வரம் நிற்கவில்லை, அது எப்படி நிற்கும், முகூர்த்த நேரம்! ஆனால், ப்ளக்கில் சொருகியிருந்த சுருதிப் பெட்டி அடங்கிவிட்டது. முந்நூறு பேரில் யாருக்கும் அது தெரியவில்லை.

நான் தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில், வேட்டியை முழங்கால் வரை மடித்து உட்கார்ந்திருந்தவர், வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று பிடித்தார். மேடைக்குக் கேட்டிருக்காது. முன் வரிசைக்கே கேட்டிருக்காது. தவில் அந்த அடி அடித்துக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டே இருந்தார். ஜெனரேட்டர் வந்து, பெட்டி மறுபடி உயிர் பெற்ற பிறகுதான் நிறுத்தினார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "பந்தி போட்டாச்சா தம்பி?" என்றார்.

'போயிட்டு வர்றேன்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாட்களில் இந்த 'ம்ம்ம்' எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இ.எம்.ஐ. இன்னும் முடியாத என் ஹெட்போனை எடுத்துக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். பார்வை மங்கல், காது மட்டும் பாம்புக் காது. மாட்டிவிட்டு, ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை போல என்று கழற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"எந்த ஊரு செட்டுப்பா?"

"அமெரிக்கா, தாத்தா."

"ஊதறவன் சின்னப் பயலா?"

"ஆமா. இருபத்தி ஒண்ணு, இருபத்தி ரெண்டு இருக்கும் அப்ப."

"அதான். நல்லா ஊதறான். ஆனா எல்லாத்தையும் இன்னிக்கே சொல்லிப்புடணும்னு ஓடறான்." கொஞ்ச நேரம் கேட்டார். "வெங்கலக் கிண்ணியைத் தட்டறானே, அவனும் கெட்டிக்காரன். கீழ கம்பி மீட்டறவரு யாரு? அவருதானே செட்டை நடத்தறாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் லீடர் என்று நான் சொல்லவே இல்லை.

"எப்படித் தாத்தா தெரியும்?"

"இதென்னப்பா கேள்வி? அந்தப் பய அங்கிட்டும் இங்கிட்டும் தப்பிச்சு ஓடறான் பாரு. இவரு பின்னாலயே தொரத்திக்கிட்டுப் போகலை. எங்க வந்து சேருவான்னு தெரிஞ்சு, முன்னாடியே அங்க போய் நிக்கறாரு. ஓடிட்டு வந்து பாத்தா வீடு தொறந்திருக்கு."

நான் இணையத்தில் இந்த ஆல்பத்துக்கு எழுதிய விமரிசனங்கள் சிலதைப் படித்திருந்தேன். அதிலெல்லாம் இது இல்லை.

"ஆனா இவரு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறாரே. நடந்துக்கிட்டே இருக்காரு" என்றார் தாத்தா, லேசாகக் குறைப்பட்டுக்கொண்டு.

"அது அவங்க முறை தாத்தா. உங்களுக்கு இப்படி நகரணும்னு தோணினது இல்லியா?"

"தோணாம? வித்வான் கரகரப்ரியாவுல போவாரு. எனக்குக் கீழ இருந்து இன்னொரு எடத்தைப் பிடிச்சுக் குடுத்தா எப்படியிருக்கும்னு தோணும். எத்தனையோ ராத்திரி தோணியிருக்கு."

"குடுத்ததுண்டா?"

சிரித்தார். வலது கை விரல்களை, இல்லாத ஒரு குழலின் மேல் வைத்துக் காட்டினார்.

"தொளை கெடையாதே, தம்பி."

மறுபடியும் மாட்டச் சொன்னார். மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அவர் மருமகள் காபி கொண்டு வந்து வைத்தாள்; ஆறிப்போய் ஆடை கட்டியது. நாலாவதோ ஐந்தாவதோ பாட்டு ஓடும்போது சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"நடுவுல ஒரு பொம்பளை இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுதே, அதுவும் பாட்டா?"

"இல்ல தாத்தா, பாட்டரி தீரப்போகுதாம்."

"தீரட்டும். தீர்ற வரைக்கும் ஓடட்டும்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.